ஒரு ரிங் என்றால் சரி

அண்ணா,

உங்கள் பிரிண்டர் பழுதாகி இன்று காலை என் மேசைக்குத் திரும்பி வந்துவிட்டது. ‘உங்கள்’ என்று எழுதும்போதே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அதை வாங்கித் தரச் சொல்லி மூன்று மாதம் மேனேஜர் அறை வாசலில் நின்றவள் நான். பொருத்தியவள் நான். அது நின்றுபோன ஒவ்வொரு நாளும் திட்டு வாங்கியவளும் நான். ஆனால் மூடியைத் திறந்ததும் உள்ளேயிருந்து உங்கள் வாசனைதான் வந்தது. காய்ந்த சந்தனம், கொஞ்சம் கற்பூரம். தாளை உள்ளே இழுக்கும் ரப்பர் உருளையின் ஓரத்தில், ஈரத்துணியாலும் காது குடையும் பஞ்சாலும் நான் எத்தனையோ முறை துடைத்தும் போகாத குங்குமம் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. உங்களைப் போலவே, சொன்னால் நகராது.

அதைக் கொண்டு வந்தவள் மாரிச்செல்வி. நீங்கள் இருந்த கேபினை இப்போது பார்த்துக்கொள்வது அவள்தான். ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் பிரிண்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். கூடவே ஒரு விஷயத்தையும் சொல்லிவிட்டுப் போனாள். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் நான் இதை எழுத உட்கார்ந்தது அதனால்தான். அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் மேல் எனக்கிருக்கும் கோபத்தைச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் இருந்தபோது ஒரே ஒரு நாளைத் தவிர நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

என் வேலை என்னவென்று நீங்கள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவே இல்லை. அதனால் மறுபடி சொல்கிறேன். நாம் ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்ட் கம்பெனி. தலைமை அலுவலகம் என்று போர்டு மாட்டியிருப்பது, சுங்குவார்சத்திரத்தில் ஒரு மெஸ்ஸின் மாடியில் இரண்டு அறை. ஒரகடத்தில், ஆலையின் கேட்டுக்கு எதிரே உங்கள் தகரக் கேபின். அதற்குப் பெயர் ஃபீல்டு ஆபீஸ். ஒரு மேசை, ஒரு பெஞ்சு, ஒரு மின்விசிறி, ஒரே ஒரு பிளக். முதல் ஷிஃப்டுக்கு யார் யார் உள்ளே போகிறார்கள் என்ற பட்டியல் காலை ஐந்தரைக்குத்தான் முடிவாகும். காய்ச்சல் என்று ஒருத்தி, ஊரிலிருந்து பஸ் இன்னும் வந்து சேரவில்லை என்று ஒருத்தன், எல்லாரும் அதற்குச் சற்று முன்னால்தான் கூப்பிடுவார்கள். அச்சடித்த அந்தத் தாளில் உங்கள் சட்டைப்பையிலிருக்கும் சீல் விழுந்து, ஆறரைக்குள் செக்யூரிட்டி கைக்குப் போயாக வேண்டும். செல்போனில் காட்டினால் ஆகாது. கையால் எழுதினால் ஆகாது. ஆறரைக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். தாள் போகாவிட்டால், வெளியே கண்ணெதிரே நிற்கிற ஆளெல்லாம் ‘வரவில்லை’ என்று பதிவாகும். மூன்று முறை அப்படிப் பதிவானால் பெயரை எடுத்துவிடுவார்கள். விடுதியையும் காலி செய்துவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

நான் சேர்ந்த புதிதில் தினமும் நீங்கள்தான் பைக்கில் இங்கே வந்து, தாளை வாங்கிக்கொண்டு ஒரகடம் ஓடுவீர்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில். மழை நாட்களில் தாளைப் பால் கவரில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொள்வீர்கள். ஒருநாள் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஏதோ வேலையாகப் போய்விட்டு வரும் வழியில் விழுந்து, முழங்கை தோலுரிந்து வந்து நின்றீர்கள். என்ன ஆச்சு என்று கேட்பதற்குள், “இன்னாத்துக்கு மேடம் இப்டி பாக்குற? ரோட்டுல கொஞ்சம் தோலு வச்சிட்டு வந்தேன், அவ்ளோதான். லிஸ்ட்ட குடு” என்றீர்கள். அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது, இந்த மனிதர் எதற்கு ஓட வேண்டும், தாள் அங்கேயே அச்சாகட்டுமே என்று.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஓரங்கட்டி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று, சிம் போட்ட சிறிய டப்பா ஒன்று, சாதாரணப் பிரிண்டர் ஒன்று, மூன்றுக்கும் சேர்த்து இருந்த அந்த ஒரே பிளக். நான் இங்கே ஒரு ஃபோல்டரில் பட்டியலைப் போட்டால், அந்தக் கம்ப்யூட்டர் நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்து, புதிதாக எது இருந்தாலும் அச்சடித்துவிடும். நீங்கள் எதையும் அமுக்க வேண்டாம். தாள் சிக்கினால் மட்டும் பச்சை நெயில் பாலிஷ் பொட்டு வைத்த பட்டன். சிவப்புப் பொட்டு வைத்ததைத் தொடவே கூடாது. பிரிண்டர் திரையில் ஆங்கிலத்தில் வருவதை நீங்கள் படிக்க முடியாது என்பதால் என் அக்காவின் நெயில் பாலிஷை எடுத்து வந்து வைத்த பொட்டுகள் அவை. தாள் நல்லபடியாக வந்துவிட்டால் எனக்கு ஒரு ரிங். சிக்கினால் இரண்டு. அவ்வளவுதான். இதைக் கெடுக்க யாராலும் முடியாது என்று நினைத்தேன். உங்களை எனக்கு அப்போது சரியாகத் தெரியாது.

முதல் வாரமே ஆரம்பித்தீர்கள். தூசி படாமல் இருக்க பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே வைத்தீர்கள். உள்ளே சூடேறி அது நின்றுபோனது. உறையைக் கழற்றச் சொன்னேன். டவல் போட்டு மூடினீர்கள். டவலை எடுக்கச் சொன்னேன். வெதுவெதுப்பாக இருக்கிறதென்று அதன் தலையில் நாஸ்தா டப்பாவை வைத்தீர்கள். ‘பிளக்கைப் பிடுங்காதீர்கள்’ என்று தமிழில் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன். அதன் மேலேயே காலண்டரை மாட்டினீர்கள்.

பிளக் விஷயத்தில்தான் நான் கிட்டத்தட்ட அழுதேன். பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் பெண்கள் போனுக்கு சார்ஜ் போட வேண்டுமென்று தினமும் பிரிண்டரைப் பிடுங்கிவிடுவீர்கள். மாரிச்செல்விதான் அதில் முதல் ஆள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. “அண்ணாச்சி, நாலே நாலு பாயிண்ட் ஏத்திக்கிடுதேன், அம்மா கூப்பிடுவாக” என்று அவள் கேட்டால் உங்களால் மறுக்க முடியாது. அப்புறம் மறுபடி செருக மறந்துவிடுவீர்கள்.

ஒருநாள் ஐந்தரைக்கு அனுப்பினேன். ரிங் இல்லை. மறுபடி அனுப்பினேன். இல்லை. பதறிப்போய் அனுப்பிக்கொண்டே இருந்தேன். பிளக் பிடுங்கிக் கிடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆறு மணிக்கு நீங்கள் அதைச் செருகியதும், காத்துக்கொண்டிருந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டியிருக்கிறது. போன் செய்தீர்கள்.

“மேடம், போதும் மேடம். பதினாலு வந்துகீது. இன்னும் வந்துக்கினே கீது. உனுக்கு இன்னா கல்யாணமா? ஊரு பூரா பத்திரிக குடுக்கணுமா?”

மிச்சமான பதின்மூன்றையும் கிழித்துப்போடச் சொன்னேன். வீணாகக் கூடாதென்று டீக்கடைக்குக் கொடுத்துவிட்டீர்கள். அடுத்த நாள் ஒரு பையன் தன் பெயர் போட்ட தாளிலேயே பஜ்ஜி மடித்து வந்ததைப் பார்த்துவிட்டு, தன்னை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்களோ என்று பயந்து என்னிடம் வந்து நின்றான். இதையெல்லாம் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

நீங்கள் சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான். “தாளு கைல இருந்தா எனுக்கு தைரியம் மேடம். அது மிசின் வயித்துல இருந்தா எனுக்கு பயம்.” பயம் எனக்கும்தான் இருந்தது. இணைய இணைப்பு இரண்டு முறை அறுந்து தாள் போகாமல், மாரிச்செல்வி பேரில் ஏற்கெனவே இரண்டு ‘வரவில்லை’ விழுந்திருந்தது. இன்னும் ஒன்று விழுந்தால் அவள் ஊருக்குப் போக வேண்டும். அவள் அப்பா கால் உடைந்து வீட்டில் கிடந்தார். அவள் போனால் தங்கையின் படிப்பு நின்றுவிடும் என்பதை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். ஒவ்வொரு நாளும் தாளில் முதலில் அவள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் அனுப்புவேன்.

அப்படியிருக்கும்போதுதான் போன வருடத்து ஆயுத பூஜை வந்தது.

ஆலைக்கு அன்று விடுமுறை. மறுநாள் விஜயதசமியன்று ஒரே ஒரு லைன் மட்டும் ஓடும், நம் ஆட்கள் இருபத்தாறு பேர் போக வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஐந்தரைக்குப் பட்டியலை அனுப்பினேன். ரிங் இல்லை. கூப்பிட்டேன்.

“மிசினு சாமிகிட்ட கீது மேடம்.”

“சாமிகிட்டயா?”

“நேத்து பூஜ போட்டேன் இல்ல? பொட்டு வச்சி, மாலை போட்டு, பிளக்க எட்த்து வச்சிட்டேன். பூஜைல வச்சத நல்ல நேரம் பாத்துதான் எட்க்கணும். ஏழரைக்கு மேலதான் நேரம் கீது, காலண்டர்ல பாத்துட்டேன்.”

நான் சுவரில் ஒட்டியதை மறைத்துக்கொண்டு மாட்டியிருந்தீர்களே, அதே காலண்டர்.

அன்றைக்குத்தான் நான் கத்தினேன். கல்லூரியில் பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன்’ என்று சொல்லக்கூட எழுந்து நிற்கத் தயங்கியவள். கீழே மெஸ்ஸில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தவர் மேலே எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். “மாரிச்செல்விக்கு இது மூணாவதுண்ணா! தெரியுமா, தெரியாதா?” நீங்கள் மெதுவாக, “இரு மேடம், ஒரு எலுமிச்சம்பழம் சுத்தி எட்த்துட்றேன். சாமி ஒண்ணும் சொல்லாது” என்றீர்கள்.

சாமி ஒன்றும் சொல்லவில்லைதான். பிரிண்டர் சொன்னது. நீங்கள் சந்தனத்தைக் குழைத்து, குங்குமத்தை அப்பி, பொட்டை எங்கே வைத்திருந்தீர்கள்? தாள் போகிற வாயில். “வாய்லதான மேடம் வேல செய்து அது?” உருளையில் குங்குமம் ஒட்டிக்கொண்டு, பட்டியலின் மேலிருந்து கீழ்வரை எல்லாப் பெயர்களின் மேலும் ஒரு சிவப்புக் கோடு. ஐந்து தாள், ஐந்திலும் கோடு. செக்யூரிட்டி வாங்கவில்லை. போனில் எனக்கே கேட்டது: “செகப்புக் கோடு போட்ட பேரு கேன்சல். எனக்குச் சொல்லிக் குடுத்தது அதான். வேற தாளு எடுத்தாங்க.”

நான் இங்கே ஒன்றை அச்சடித்து எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். நீங்கள் அங்கிருந்து பைக்கில் கிளம்பினீர்கள். ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்து வாசலில் என் கையிலிருந்து தாளை வாங்கினீர்கள். நெற்றியில் பூஜைச் சந்தனம் வியர்வையில் வழிந்துகொண்டிருந்தது. ஆள் ஓடக் கூடாதென்று நான் மூன்று மாதம் மேனேஜர் வாசலில் நின்று வாங்கிய ஏற்பாடு, இரண்டு பேரையும் நடுரோட்டில் ஓடவிட்டு நின்றது. தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனீர்கள். போய்ச் சேர்ந்தபோது ஆறு முப்பத்தெட்டு. கேட்டை மூடியிருந்தார்கள்.

மதியம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “மெஷின் ஃபால்ட்டா, மனுஷன் ஃபால்ட்டா? ஒண்ணு சொல்லும்மா. மெஷின்னா உன் சிஸ்டத்தை இன்னியோட மூட்டை கட்டு. மனுஷன்னா, ஆளு தப்பு பண்ணான், பசங்க மேல தப்பு இல்லன்னு பிளான்ட்டுக்கு எழுதிக் குடுத்து ஆப்சென்ட்டைக் கேன்சல் பண்ண வைக்கிறேன். ரிப்போர்ட் எழுது. கீழ அவர் சைன் வாங்கு.”

எழுதினேன். ஆங்கிலத்தில் நான்கு வரி. பிரிண்டரிலும் இணைப்பிலும் குறை இல்லை. கேபின் பொறுப்பாளர் அறிவுறுத்தலை மீறி மின் இணைப்பைத் துண்டித்தார். இயந்திரத்துக்குள் பொருளைப் பூசினார். ஊழியர்கள் மேல் தவறில்லை. நான்கும் உண்மைதான். மாரிச்செல்விக்காகத்தான் எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் என்னை நிரந்தரம் செய்யும் கடிதமும் அந்த வாரம்தான் வர வேண்டியிருந்தது. முதல் வரியை முதலில் எழுதியது மாரிச்செல்விக்காக அல்ல. ஒரே பிளக் உள்ள அறையில் பிடுங்கவே கூடாத மிஷினை வைத்தது யார் என்பதற்கு அதில் ஐந்தாவது வரி இல்லை.

அதை எடுத்துக்கொண்டு ஒரகடம் வந்து உங்கள் எதிரில் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. பட்டியலைப் போடுகிற அதே ஃபோல்டரில் போட்டேன். அவ்வளவு நாள் உங்களோடு போராடி நான் ஓடவைத்த மிஷின், கடைசியில் உங்கள் முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் எனக்கு உதவியது. போனில் மட்டும், “ஒரு தாள் வரும்ணா. கையெழுத்துப் போட்டு சாயங்கால பஸ்ல குடுத்து விடுங்க” என்றேன்.

“இன்னா எழுதிகீது மேடம் அதுல?”

“நடந்ததுதாண்ணா.”

வழக்கமாக இரண்டு நிமிடத்தில் ரிங் வரும். அன்றைக்கு இருபது நிமிடம் ஆனது. பேனா தேடுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு ரிங்.

எங்கள் வீட்டில் ஆங்கிலத்தில் எழுதிய தாளைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். யாரோ எழுதிய தாளில், யாரோ விரல் வைத்துக் காட்டிய இடத்தில் என் அப்பா கையெழுத்துப் போடுவதைப் பார்த்து வளர்ந்தவள். அவர் போட்டுவிட்டு, எழுதியவரின் முகத்தையே பார்ப்பார். நான் உங்களுக்கு அந்த முகத்தைக்கூடக் காட்டவில்லை.

இருபத்தாறு பேருக்கும் ‘வரவில்லை’யை நீக்கினார்கள். எனக்கு நிரந்தரக் கடிதம் வந்தது. உங்களைக் கேபினிலிருந்து எடுத்து, சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் ஆள் எண்ணி ஏற்றுகிற வேலையில் போட்டார்கள். ஐந்து மாதம் நின்றுகொண்டே வேலை. தினமும் காலையில் நான் டீக்கடையைத் தாண்டும்போது கையிலிருக்கும் கிளாஸைத் தூக்கிக் காட்டி ஒரே கேள்வி: “இன்னா மேடம், மிசினு எப்டி கீது?” “நல்லா இருக்குண்ணா” என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு மாடியேறிவிடுவேன். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். பங்குனியில் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டுப் படுத்த நீங்கள் எழவில்லை என்று சொன்னார்கள். உங்கள் வீட்டுக்கு வந்தேன். கூட்டத்துக்குப் பின்னால் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

இன்றைக்கு மாரிச்செல்வி பிரிண்டரை வைத்துவிட்டு, குங்குமத்தைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம், ஏதோ சாதாரண விஷயம்போல, “அன்னைக்கு அந்த இங்கிலீஷ் தாளு வந்துச்சுல்லாக்கா, அண்ணாச்சி என்னைத்தான் வாசிக்கச் சொன்னாக” என்றாள்.

நான் பிரிண்டர் மூடியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

“ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்லச் சொன்னாக. ரெண்டு தடவ சொன்னேன். எனக்குக் கோவம்னா கோவம். போடாதீக அண்ணாச்சி, ஒங்க தலையில கட்டுதாகன்னு சொன்னேன். ‘கடைசி வரில உன் மேல தப்பு இல்லன்னு கீதா?’ன்னு கேட்டாக. கீதுன்னேன். ‘அப்ப விடு’ன்னுட்டாக.”

“வேற எதுவும் சொன்னாரா?”

அவள் உங்கள் குரலிலேயே சொன்னாள்: “‘எதுர்ல வந்து சொல்ல மேடத்துக்கு வெக்கம். அதான் மிசின்ல வுட்டுகீது. நீ ஒண்ணும் கேட்டு வைக்காத, பாவம் அழும்.’”

அண்ணா, உங்களுக்கு வாய் இல்லையா? ஊரிலிருக்கும் எல்லாவற்றுக்கும் பேசுவீர்களே! ஐந்து மாதம் தினமும் டீ கிளாஸோடு நின்றீர்களே, ஒரு நாள், ஒரே ஒரு நாள், “படிச்சுதான் போட்டேன் மேடம்” என்று சொல்லியிருக்கக் கூடாதா? மிஷினையா விசாரிப்பது? படிக்கத் தெரியாதவரை ஏமாற்றிவிட்டேன் என்று நான் ஒரு வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். ஏமாறவே இல்லை என்று இப்போது தெரிந்தும் சுமை இறங்கவில்லை. முன்பைவிட மோசமாக இருக்கிறது. தெரிந்தே போட்டிருக்கிறீர்கள். அது எனக்குத் தெரியக் கூடாது என்றும் முடிவு செய்திருக்கிறீர்கள். நான் சொன்ன எதையும்தான் நீங்கள் கேட்டதில்லை. இதையாவது என்னைக் கேட்டுச் செய்திருக்கலாம்.

பழைய உருளையைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டுவிட்டேன். கேபினில் இப்போது மூன்று பிளக். அதில் இரண்டு, பெண்களின் போனுக்கு. ஆயுத பூஜைக்குப் பொட்டை மூடியின் மேல் மட்டும் வைக்க வேண்டும், நல்ல நேரம் எத்தனை மணிக்கு இருந்தாலும் ஐந்து மணிக்கே எடுத்துவிட வேண்டும் என்று மாரிச்செல்வியிடம் சொல்லியிருக்கிறேன். அவள் உங்களைவிட மேல். ஆனால் அவளும் அதன் மேல் டிபன் டப்பா வைக்கிறாள், எனக்குத் தெரியும்.

யாரிடமாவது கையெழுத்து வாங்க வேண்டிய தாளை நான் அதற்குப் பிறகு மிஷினில் அனுப்பியதில்லை. பஸ் பிடித்துப் போகிறேன். எதிரில் உட்கார்ந்து தமிழில் வாசித்துக் காட்டுகிறேன். குரல் நடுங்கத்தான் செய்கிறது. “எதுக்கும்மா இவ்ளோ நேரம், எங்க போடணும்னு காட்டு” என்று அவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். முழுக்க வாசித்து முடிக்காமல் பேனாவைக் கொடுப்பதில்லை.

இதையும் அப்படித்தான். மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார், அறையில் யாருமில்லை. மூடி திறந்தபடி எதிரில் உங்கள் பிரிண்டர் மட்டும். முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிக்கப் போகிறேன், ஒரே பிளக்கில் அதை வைத்தவள் நான்தான் என்ற அந்த ஐந்தாவது வரியையும் சேர்த்து. கீழே மெஸ்ஸில் இருப்பவர் எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும்.